ஜனவரிப் பூவும் ஷரீஃபாவின் பூட்டும்

ஓசூர்ப் பக்கத்து ரோஜாக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களிடம் மாதக் கடைசி நாள் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பாகலூர் ரோட்டில் இருக்கும் இந்தக் கம்பெனியில் மட்டும் வாட்ச்மேன் முதல் முதலாளி வரைக்கும் ஒரே பதில்தான். அது ஷரீஃபா மேடம் பூட்டுப் போடும் நாள்.

பூட்டு என்றதும் கதவையும் சாவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பூட்டு. உரம், மருந்து, கூலி, டீசல், கரண்ட் என்று பண்ணையில் ஆகும் ஒவ்வொரு செலவும், வெட்டி வரும் ஒவ்வொரு பூவும் அடக்கவிலைக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் ஏறியாக வேண்டும். மாதக் கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்தக் கணக்கைப் பார்க்கும் ஷரீஃபா என்கிற ஷரீஃபுன்னிசா ஒரு பட்டனை அழுத்துவாள். அதோடு அந்த மாதம் முடிந்தது. அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்த மாதத் தேதியில் ஒரு ரசீதை, ஒரு பூவை உள்ளே நுழைக்க முடியாது. தவறவிட்டது எல்லாம் அடுத்த மாதத்தில்தான் போய் விழும். மாதச் செலவை மாதப் பூவால் வகுத்தால் ஒரு பூவின் அடக்கவிலை வரும். எந்தப் பிளாக் நன்றாக ஓடுகிறது, எதை மூடலாம் என்று முதலாளி சிவராஜ் முடிவு செய்வது அந்த விலையை வைத்துத்தான். அதனால் எது எந்த மாதத்தில் விழுகிறது என்பது விளையாட்டு இல்லை.

இது தெரிந்தும் மாதக் கடைசியில் கெஞ்சிக்கொண்டு வருகிறவர்கள் குறைவதில்லை. இருபத்தொன்பது நாள் பையில் தூங்கிய பில்லுக்கு முப்பதாம் தேதி சாயங்காலம்தான் விழிப்பு வரும். சிவராஜின் சொந்த மச்சினர் ஒருமுறை டீசல் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு ஐந்துக்கு ஓடி வந்தார். "அடுத்த மாசத்துல போட்டுக்கலாம், உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள் ஷரீஃபா. டீ வந்தது, மாதம் திறக்கவில்லை. விற்பனை பார்க்கும் மன்சூர் போன டிசம்பரில் ஒரு பெரிய விற்பனை பில்லோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு அக்கா அக்கா என்று பத்து தடவை கூப்பிட்டான். பத்து தடவையும் "என்ன தம்பி" என்று அன்பாகக் கேட்டாளே ஒழிய பட்டன் பக்கம் கை போகவில்லை. அவள் கணவர் உஸ்மான், கெலமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வீட்டிலும் இதே கதைதான் என்பார். மளிகைச் சாமான் என்ன வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் சொல்லாவிட்டால் அந்த வாரம் அவருக்குப் பிடித்த காராபூந்தி கிடையாது.

இந்தப் பிடிவாதம் படித்து வந்ததில்லை, கூடவே பிறந்தது. அவள் அப்பா மெஹபூப் பாஷா கெலமங்கலம் சந்தையில் புளி வியாபாரம் செய்தவர். நாளைக்கு வரப்போகும் லோடையும் இன்றைய சரக்கோடு சேர்த்துப் பெருமையாக விலை பேசுவார். "வண்டி இன்னும் வரவே இல்லையே அத்தா, அது எப்படி நம்ம சரக்கு?" என்று வியாபாரிகள் முன்னாலேயே கேட்டு அவர் மானத்தை வாங்குவாளாம். ஓசூரில் பி.காம். முடித்தாள். சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சேர்ந்து அடக்கவிலைக் கணக்கைக் கரைத்துக் குடித்தாள். காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பரீட்சையில் பாதிக் கிணறு தாண்டியபோது மகள் நபீலா வயிற்றில் வந்துவிட்டாள். மீதிப் பாதியைத் தாண்டவில்லை என்ற வருத்தம் அவளுக்குப் பெரிதாக இல்லை. இரும்பை விட்டுப் பூவுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இரும்பு காத்திருக்கும், பூ காத்திருக்காது, அதனால் இங்கே கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. வேலையில் அவளுக்கு இருந்த நம்பிக்கையைத் திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், எட்டு வருஷத்தில் ஒரு மாதம்கூட அவள் பூட்டியதைத் திறந்தது இல்லை.

அந்தப் பூட்டு இந்த வருஷம் ஜனவரியில் தளி பிளாக்கின் கழுத்தில் போய் மாட்டிக்கொண்டது.

கம்பெனிக்கு இரண்டு பண்ணை. பெரியது பாகலூரில், ஆபீசும் தரம் பிரிக்கும் கூடமும் குளிர் அறையும் அங்கேதான். சின்னது தளிக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில், நாராயணப்பன் என்பவரிடம் குத்தகைக்கு எடுத்தது. அதைத்தான் தளி பிளாக் என்பார்கள். பசுமைக் குடில்களில் வேலை செய்கிற நாற்பது பேரும் சுற்றுப்பட்டுப் பெண்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, நடந்தே வேலைக்கு வந்துவிடுவார்கள். இந்த வேலை போனால் அடுத்தது ஓசூர் ஃபேக்டரி பஸ்தான். அது விடிவதற்கு முன்னாலேயே கிளம்பும், மாடும் பிள்ளையும் வைத்திருப்பவர்கள் எப்படி ஏறுவது? அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி வெங்கடம்மாள். பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் கொஞ்சம் தெலுங்கு. அவள் பேச்சு புரியவில்லை என்று இதுவரை எந்தச் செடியும் புகார் சொன்னதில்லை.

குத்தகை மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பதா இல்லையா என்று பிப்ரவரி முதல் வாரத்தில் நாராயணப்பனுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் நிலத்தை மனைபோட ஒரு புரமோட்டர் தயாராக நிற்கிறார். அப்படிப் போனால் குடில்களைப் பிரித்து இரும்புக் குழாயை எடைக்குப் போட வேண்டியதுதான். சிவராஜ் வீண் கோபக்காரர் இல்லை, ஆனால் கணக்குக்காரர். "ஜனவரி சீசன் மாசம். சீசன்லயே தளி அடக்கவிலை எல்லைக்குள்ள வரலைன்னா எப்பவும் வராது. வந்தா வெச்சுக்கலாம், வரலைன்னா விட்டுடலாம்" என்று டிசம்பரிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த எல்லையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் ஷரீஃபாதான்.

பிப்ரவரி பதினாலு காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் போகிற பூவுக்கு நவம்பர் கடைசியிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். செடிகளை நாள் குறித்துக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளிய இடத்திலிருந்து தளிர்த்து, எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூத்துத் தள்ளும். இந்த வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் பூவை முன்கூட்டியே கேட்டார்கள் என்று தளியில் சில நாள் முன்னதாகவே கிள்ளச் சொல்லியிருந்தார் சிவராஜ். வெங்கடம்மாள் சொன்னபடி செய்தாள். ஜனவரி கடைசி வாரத்தில் தளி பிளாக் பூத்தது பாருங்கள், சிவப்பைத் தவிர வேறு நிறம் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. ஆறு மணி. ஷரீஃபா பூட்டினாள்.

திங்கள் மதியம் கணக்குத் தயார். பாகலூர் எல்லைக்குள் சுகமாக வந்து உட்கார்ந்திருந்தது. தளி எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அவள் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். உரம் சரி, கூலி சரி, வண்டி வாடகை சரி. பூதான் கம்மி. தாளை சிவராஜின் மேஜையில் வைத்தாள். அவர் பார்த்தார், பெருமூச்சு விட்டார், நாராயணப்பனுக்குப் போன் போட்டு நாளைக் காலை வரச் சொன்னார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஏனென்றால் வேன் டிரைவர் திம்மப்பன் அந்த நேரம் சாவி வாங்க வந்து வாசலில் நின்றிருந்தான். திம்மப்பன் காதில் விழுந்த செய்தி வேனைவிட வேகமாகத் தளி போய்ச் சேரும்.

அரை மணியில் வெங்கடம்மாளின் போன் வந்தது.

"ஷரீஃபாம்மா, நம்ம பிளாக்கை எடுத்துடறாங்களாமே? நிசமா?"

"சார் நாளைக்குத்தான் சொல்லுவாருக்கா. ஆனா நம்பர் சரியில்ல. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கடைசி வாரம் கை வீங்க வீங்க வெட்டினோமேம்மா. பொண்ணுங்க சாப்பிடக்கூட உக்காரல. அப்புறம் எப்பிடி சரியில்லாம போவும்? உங்க கணக்குல ஏதாச்சும் பிசகு ஆயிருக்குமா, ஒருக்கா பாருங்களேன்."

"என் கணக்குல பிசகு வராதுக்கா" என்றாள் ஷரீஃபா.

வெங்கடம்மாள், "சரிம்மா, நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட ஷரீஃபாவுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நம்பிக்கையோடு வைத்துவிட்டாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. கணக்கு சரி, ஆனால் மனசு சரியில்லை. கழிவுப் பூவின் எண்ணிக்கையையாவது இன்னொரு தடவை பார்ப்போம் என்று எழுந்து கூடத்துக்கு நடந்தாள்.

கூடத்தில் சீசன் அமர்க்களம். நீள மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று தண்டின் நீளம் பார்த்து, முள் சீவி, கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சுப்ரியா என்ற பெண் ஒவ்வொரு கட்டையும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். அந்த ஸ்கேனர் 'பீப்' என்றால்தான் பூ கணக்கில் ஏறும். அதுவரை அது பூவாக இருக்கலாம், கம்பெனியின் பூ இல்லை. ஷரீஃபா பக்கத்தில் போய் நின்றபோது அடுத்த பக்கெட்டை மேஜைமேல் தூக்கி வைத்தார்கள். நீல பிளாஸ்டிக் பக்கெட், தளியிலிருந்து வந்தது. அதன் விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு.

ஷரீஃபா அப்படியே நின்றுவிட்டாள்.

தளி பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை இருப்பு எண்ணப் போகும்போது அவளே பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் வெட்டும் முதல் பக்கெட்டுக்கு வெங்கடம்மாள் பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் மற்றவர்களைக் கத்தரி எடுக்கவிடுவாள். "உங்களுக்கும் வெள்ளிக்கிழமை நல்ல நாள்தானே ஷரீஃபாம்மா" என்று அவளுக்கும் ஒரு வெல்லக்கட்டி கொடுப்பாள். மற்ற நாளில் பொட்டு கிடையாது. காலியான பக்கெட்டை பிளீச்சிங் தண்ணியில் கழுவித்தான் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே போன வாரத்துப் பொட்டு மிஞ்ச வழியே இல்லை.

இன்றைக்குத் திங்கள். இந்தப் பூ வெள்ளிக்கிழமை வெட்டியது. வெள்ளி என்றால் ஜனவரி முப்பது.

"சுப்ரியா, இந்தப் பூவுக்கு என்ன தேதி விழுது?"

"இன்னிக்குத் தேதிதான் மேடம். ஸ்கேன் பண்ற தேதிதானே விழும்."

"நேத்து தளி பூ எது ஸ்கேன் பண்ணீங்க?"

"வியாழக்கிழமை வந்ததா இருக்கும் மேடம். பாகலூர் பூ மலையா குவிஞ்சிருந்துச்சு, கிட்டத்துல இருக்கறதை முதல்ல எடுத்துட்டோம். தளி பூ குளிர் ரூம்லயே நின்னுடுச்சு. பூவுக்கு ஒண்ணும் ஆகல மேடம், ஃப்ரெஷ்ஷாதான் இருக்குது."

பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது நாற்பது பெண்களுக்கு. தளி வேன் எப்போதும் கூடம் மூடியபிறகு சாயங்காலம்தான் வந்து சேரும், மறுநாள்தான் ஸ்கேன் ஆகும். மாதாமாதம் கடைசி நாள் பூ அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், முந்தின மாதத்தின் கடைசி நாள் பூ இந்த மாதத்துக்கு வந்து சேரும், இரண்டும் ஏறக்குறைய சரியாகப் போய்விடும். அதனால்தான் எட்டு வருஷமாக யாருக்கும் உறைக்கவில்லை. இந்த வருஷம் மாதத்தின் கடைசி நாட்களில்தான் பூவே கொட்டியது. அந்தப் பூவை வளர்த்த உரமும் கூலியும் ஜனவரியில் ஏறிவிட்டன, வெட்ட வீங்கிய கைகளுக்கான கூலியும் ஜனவரியில் ஏறிவிட்டது, பூ மட்டும் மூன்று நாளாகக் குளிர் அறையில் நின்று பிப்ரவரியில் ஏறுகிறது. செலவு ஒரு மாதத்தில், பூ இன்னொரு மாதத்தில். கூட்டல் கழித்தலில் ஒரு பிசகும் இல்லை, பூட்டைப் போட்ட இடம்தான் பிசகு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவளே.

முகம் சுண்டிப்போனது. 'என் கணக்குல பிசகு வராதுக்கா' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் இதிலே மூழ்கி உட்காருகிற ஆள் இல்லை ஷரீஃபா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பக்கெட்டைக் கழுவாதீங்க. பூவை எடுத்துட்டு அப்படியே என் ரூமுக்கு அனுப்புங்க."

அப்புறம் திம்மப்பனைப் பிடித்தாள். "திம்மப்பண்ணா, தளிக்குத் தந்தியடிச்சது போதும், வாங்க என்கூட." அவன் அசடு வழியப் பின்னால் வந்தான். இருவரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிர் அறைக்குள் நுழைந்து, எந்த வரிசை எந்த நாள் இறக்கியது என்று பிரித்தார்கள். ஞாயிறு இறக்கியதை அவள் உடனே ஒதுக்கினாள், அது நியாயமாகவே பிப்ரவரிப் பூ. வாட்ச்மேனிடம் இருந்த கேட் பாஸோடு ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் வேனில் வந்த பக்கெட் எண்ணிக்கை அதில் இருக்கிறது, யாரும் அதைக் கணக்காக நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எல்லாம் பொருந்தியது.

மறுநாள் காலை சிவராஜ் வந்து உட்கார்ந்ததும் அவர் மேஜைமேல் காலிப் பக்கெட்டை வைத்தாள்.

"என்ன மேடம் இது, காலங்காத்தால பக்கெட்டு?"

"ஜனவரியைத் திறக்கணும் சார்."

சிவராஜ் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "நீங்களா? திறக்கணுங்கறீங்களா?"

அவள் சொன்னாள். பொட்டு, வெள்ளிக்கிழமை, வேன், ஸ்கேனர், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மனசில் பட்டதைக் கேட்டே விட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து மத்தியானம் வரைக்கும் இந்த நம்பர் சரின்னீங்க. வெங்கடம்மா போன் பண்ணுனதா திம்மப்பன் சொல்றான். இன்னிக்கு நிலத்துக்காரர் வர்ற நேரம் பாத்து நம்பர் மாறுதுன்னா, அந்தப் பொண்ணுங்க மேல இருக்கற பாவத்துல பண்றீங்களோன்னு யாருக்கும் தோணுமில்ல?"

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது ராஜினாமாக் கடிதம் எழுதப் போயிருப்பாள். ஷரீஃபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாவப்பட்டுப் பண்ணியிருந்தா ஒரு பக்கம் மட்டும்தான் சார் திறந்திருப்பேன். இங்க பாருங்க. டிசம்பர் கடைசி நாள் தளியில வெட்டுன பூவு ஜனவரி ஒண்ணாந்தேதிதான் ஸ்கேன் ஆச்சு. அது ஜனவரிப் பூ இல்லை. அதைத் தளி கணக்குல இருந்து கழிச்சுட்டேன். பாகலூருக்கும் இதே விதிதான், அங்கயும் போட்டுட்டேன். இன்னொண்ணு. இந்தப் பூவெல்லாம் ஜனவரிக்கு வந்துட்டா பிப்ரவரியில தளிக்குப் பூ குறையும். மாசாமாசம் கம்மி அடக்கவிலை பிளாக்குக்கு நீங்க போடற பிரியாணி, பிப்ரவரியில தளிக்குத்தான் வந்திருக்கும். இப்ப கிடைக்கறது சந்தேகம். அதையும் நானே சொல்றேன். கத்தரி எந்த மாசம் பட்டுச்சோ பூ அந்த மாசம். இது யாருக்குச் சாதகமா விழுந்தாலும் சரி."

"எல்லாம் போட்டு என்ன வருது?"

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். தளி எல்லைக்குள் வந்திருந்தது. டிசம்பர்ப் பூவைக் கழித்ததில் கொஞ்சம் மேலே ஏறி, எல்லைக்கு ஒரு மயிரிழை உள்ளே நின்றுவிட்டது. மயிரிழையானாலும் உள்ளே என்றால் உள்ளேதான்.

சிவராஜ் தாளைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், விரலால் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். "டிசம்பரைக் கழிக்காம விட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே" என்றார்.

"நான் கேட்டிருப்பேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். பூட்டைத் திறக்க இருவருடைய கடவுச்சொல்லும் வேண்டும் என்பது அவளே வைத்த ஏற்பாடு. எட்டு வருஷமாகப் பயன்படாத தன் கடவுச்சொல்லை சிவராஜ் மறந்துபோயிருந்தார், அதைத் தேடி எடுக்கவே கால் மணி ஆனது. திறப்பதற்கு முன்னால் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் அவள் போட்டாள்: 'ஜனவரியைத் திறக்கிறேன். நான் வைத்த விதியில் தவறு. தளிப் பூ வெட்டிய நாளில் ஏறவில்லை. சரிசெய்து இன்று மதியமே மூடுவேன்.' படித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தார்கள். மன்சூர் சும்மா இருப்பானா? 'அக்கா, டிசம்பரில் என் பில்லுக்கும் இப்படித் திறந்திருக்கலாமே!' என்று அழுகிற பொம்மை நான்கு போட்டான். உடனே பதில் போனது. 'தம்பி, உங்க பில்லில் இருந்த பூ ஜனவரியில் வெட்டினது. டிசம்பரைத் திறந்திருந்தாலும் உள்ளே வந்திருக்காது.' அதற்கு முதலாளியே சிரிப்புப் பொம்மை போட்டார்.

நாராயணப்பன் வெள்ளை வேட்டியோடு பதினோரு மணிக்கு வந்தார். புரமோட்டரின் விசிட்டிங் கார்டு சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது அவர் கையில் புதுக் குத்தகைப் பத்திரத்தின் நகல் இருந்தது, மூன்று வருஷத்துக்கு. முகத்தில் சந்தோஷம் இல்லை, ஆனாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஷரீஃபா தளிக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்கு அவ்வளவாக இல்லை, அதனால் நேராகவே ஆரம்பித்தாள். "வெங்கடம்மாக்கா, நேத்து பிசகு வராதுன்னேன். வந்திருந்துச்சு. நீங்க வெச்ச பொட்டுதான் காட்டிக் குடுத்துச்சு. பிளாக் நிக்குது. மூணு வருஷத்துக்கு."

அந்தப் பக்கம் வெங்கடம்மாள் என்ன சொன்னாள் என்பது சரியாகக் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே குடிலுக்குள் கன்னடத்தில் ஏதோ கத்தினாள், உடனே நாற்பது பேரின் சத்தம் ஒன்றாக எழுந்தது. ஷரீஃபா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அறையில் யாரும் இல்லை, யாருக்காக மறைப்பது?

அன்றைக்கே விதியையும் மாற்றினாள். தளியில் வெட்டி முடித்ததும் அங்கேயே பக்கெட் எண்ணிக்கையைப் போனில் ஏற்ற வேண்டும், தேதி கத்தரியின் தேதி. மாதக் கடைசி நாளில் ஐந்து மணிக்குக் கத்தரி நிற்கும், ஆறு மணிக்குப் பூட்டு விழும். ஐந்துக்கு மேல் வெட்டுவது அடுத்த மாதம். வெங்கடம்மாளின் ஆட்களுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது.

பிப்ரவரியும் முடிந்தது. அதுவும் சனிக்கிழமைதான். தளியும் பாகலூரும் யாருக்கு பிரியாணி என்று கடைசி நாள் வரை முட்டிக்கொண்டு நின்றன. ஐந்தே முக்காலுக்கு ஷரீஃபாவின் போன் அடித்தது.

"ஷரீஃபாம்மா, நாலே நாலு பக்கெட்டு. இப்பத்தான் வெட்டி முடிச்சோம். அதை ஏத்திட்டா பிரியாணி எங்களுக்குத்தானாம், பொண்ணுங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்க. நீங்க இன்னும் பூட்டலையே?"

"பூட்டல. கத்தரி எத்தனை மணிக்கு வெச்சீங்க?"

வெங்கடம்மாள் இழுத்தாள். "அஞ்சுக்கு மேல ஒரு அரை மணி இருக்கும்."

"அப்ப மார்ச்சு."

"எங்களுக்காகத் திறந்த மகராசியாச்சே நீங்க, நாலு பக்கெட்டுக்கு இப்பிடிக் கறார் பண்றீங்களே."

"உங்களுக்காகத் திறக்கலக்கா. ஜனவரிப் பூவுக்காகத் திறந்தேன். இது மார்ச்சுப் பூ."

கோபித்துக்கொள்வாளோ என்று ஷரீஃபா ஒரு கணம் காத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சிரிப்பு. வெங்கடம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள், பின்னால் இருந்த பெண்களுக்கும் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள்.

"ஆயிது, ஆயிது, சரி. மார்ச்சுலயே போட்டுக்குங்கம்மா. மார்ச்சுலயும் நாங்க இங்கதானே இருக்கப் போறோம்."

ஷரீஃபா போனை வைத்தாள். ஆறு மணி ஆகக் காத்திருந்து, பிப்ரவரியைப் பூட்டினாள்.